விளம்பரத்தைத் தடுக்கலாமா? ஒரு நூற்றாண்டுச் சர்ச்சை

சென்ற பருவத்தில் ஒரு நாள், எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்திலுள்ள பழைய கணிப்பொறியில் ஒரு சிறு நிரலைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். 'விளம்பரத் தடுப்பான்' என்று அதற்குப் பெயர். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்ததும் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே துள்ளிக் குதிக்கும் விளம்பரங்களை அது உள்ளே வரவிடாது. அருகில் நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், அந்தக் கட்டுரையை எழுதினவங்களுக்கு விளம்பரத்திலேருந்துதானே சம்பளம் வருது? இதைப் போட்டுக்கிட்டுப் படிச்சா, டிக்கெட் வாங்காம கொட்டகைக்குள்ளே போற மாதிரி இல்லையா?"

நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு மாணவன் குறுக்கிட்டான்: "அதைப் போடாட்டி என் போன்ல டேட்டா மத்தியானத்துக்குள்ளே தீர்ந்துடும் சார்!"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு உடனே விடை வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், இந்த வழக்கு இணையத்தோடு பிறந்ததன்று என்பது நினைவுக்கு வந்தது. இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நீதிமன்றங்கள் இதைப் பலமுறை விசாரித்திருக்கின்றன. பௌதிக விஞ்ஞானிகளும் இதில் கைகொடுத்திருக்கிறார்கள்! அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன். கதையின் முடிவில் நீங்களே தீர்ப்புக் கூறலாம்.

ஒரு சென்ட் நாளிதழ்

1833-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், நியூயார்க் நகரில் 'சன்' என்னும் நாளிதழ் வெளிவந்தது. மற்ற நாளிதழ்கள் 6 சென்ட் விலைக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. பெஞ்சமின் டே என்ற அச்சகக்காரர் தம் இதழை ஒரே சென்ட்டுக்கு விற்றார். அச்சுக்கும் காகிதத்துக்கும் அந்த ஒரு சென்ட் எப்படிக் கட்டுபடியாகும்? மீதிச் செலவை விளம்பரதாரர்கள் ஏற்றார்கள். கூலித் தொழிலாளியும் நாளிதழ் வாங்கிப் படிக்க முடிந்தது. அதுவரை வாசகருக்குச் செய்தியை விற்ற பத்திரிகை, அன்று முதல் விளம்பரதாரருக்கு வாசகரின் கவனத்தையும் விற்கலாயிற்று.

இந்தப் பேரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வாசகர் எந்தத் தாளிலும் கையொப்பம் இடவில்லை. விளம்பரப் பக்கத்தைப் படிக்காமல் புரட்டினால் அவரை யாரும் கேட்பதில்லை. விளம்பரதாரர் வாங்கியது தாளில் ஓர் இடத்தை மட்டுமே. வாசகரின் கண்ணை அவர் விலைக்கு வாங்கவில்லை. அது தம் பக்கம் திரும்பலாம் என்ற வாய்ப்பை மட்டும் வாங்கினார்.

வானொலி கண்ட இரு வழிகள்

நாளிதழில் புரட்டிவிடலாம், வானொலியில் அது முடியாது. ஆகவே அங்குச் சர்ச்சை சற்று உரக்கவே எழுந்தது. 1922 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த வானொலி மாநாட்டில், அன்றைய வணிக அமைச்சரும் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவருமான ஹெர்பர்ட் ஹூவர், இத்தனை பெரிய பொதுச்சேவைச் சாதனம் விளம்பரப் பேச்சில் மூழ்க விடுவது நினைத்துப் பார்க்கவே முடியாதது என்ற கருத்தைத் தெரிவித்தார். ஆறு மாதம் கழிந்தது. ஆகஸ்டு 28-ஆம் நாள் நியூயார்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். நிலையம், குவீன்ஸ்பரோ என்ற வீட்டுமனை நிறுவனத்துக்காகச் சுமார் 10 நிமிட உரையை ஒலிபரப்பியது. கட்டணம் 50 டாலர். விலைக்கு விற்கப்பட்ட முதல் வானொலி விளம்பரம் என்று இதைத்தான் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். அந்த நிலையத்தின் உரிமையாளர் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் வரும்.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. அதே 1922-இல் பி.பி.சி. ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ஷில்லிங் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். விளம்பரம் கிடையாது, கேட்பவரே செலவைச் சுமக்க வேண்டும். நம் நாட்டிலும் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்கும் வழக்கம் 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் அந்த உரிமப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கட்டணம் இருந்த காலத்திலேயே விவித்பாரதி 1967-இலும் தூர்தர்ஷன் 1976-இலும் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டன.

ஆக வழிகள் இரண்டே. ஒன்று, நேராகப் பணம் கொடுப்பது. மற்றொன்று, கவனத்தைக் கொடுப்பது. இரண்டும் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியைத் தொலைக்காட்சி எழுப்பியது.

விளம்பரத்தைச் சுட்ட துப்பாக்கி

அமெரிக்காவில் ஜெனித் என்னும் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரித்து வந்தது. அதன் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு விளம்பரம் என்றாலே ஆகாது. அவருடைய பொறியாளர் யூஜின் பாலி 1955-இல் 'ஃபிளாஷ்மேட்டிக்' என்ற கருவியை அமைத்தார். அது துப்பாக்கி வடிவில் இருந்த ஒரு டார்ச் விளக்கு. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளிமின்கலங்கள் இருந்தன. ஒரு மூலையில் ஒளியைப் பாய்ச்சினால் நிலையம் மாறும். இன்னொரு மூலையில் பாய்ச்சினால் படம் ஓடிக்கொண்டிருக்க, ஒலி மட்டும் நிற்கும். தொல்லை தரும் விளம்பரத்தை வாயடைக்கலாம் என்றே அந்தக் கருவியை விளம்பரம் செய்தார்கள்! விளம்பரத்தை எதிர்க்கவும் விளம்பரம் தேவைப்பட்டது, பாருங்கள்.

ஆனால் சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் ஒளிமின்கலம் ஏமாந்துபோனது. ஆகவே 1956-இல் அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டு ஒலியைக் கையாண்டார். கையிலிருக்கும் கருவிக்குள் சிறு அலுமினியத் தண்டுகள். பொத்தானை அழுத்தினால் ஒரு சுத்தியல் தண்டைத் தட்டும், தண்டு அதிரும். தண்டின் நீளம் சுமார் 6.3 செ.மீ. அலுமினியத் தண்டில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர். இரு முனைகளும் தடையின்றி இருக்கும் தண்டில், அதன் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமம் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அலைநீளம் 12.6 செ.மீ. வேகத்தை இதனால் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகள் வருகின்றன. மனிதச் செவிக்கு 20,000-க்கு மேல் எட்டாது; பெட்டியிலுள்ள ஒலிவாங்கிக்கு எட்டும். கையிலுள்ள கருவிக்கு மின்கலமும் தேவையில்லை! பாடநூலில் வறண்டு கிடக்கும் ஒரு சூத்திரம், லட்சக்கணக்கான வீடுகளில் விளம்பரத்தை நிறுத்தும் விரலாகிவிட்டது.

மெக்டொனால்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1951-இல் சிகாகோவில் 300 குடும்பங்களில் 'ஃபோன்விஷன்' என்ற சோதனையை நடத்தியவர் அவர். ஒரு திரைப்படத்துக்கு ஒரு டாலர் கொடுத்தால் வீட்டிலேயே விளம்பரமின்றிப் பார்க்கலாம். விளம்பரம் வேண்டாம் என்றவர், செலவுக்கு மாற்று வழியையும் தேடினார். பிற்காலத்தில் பலர் மறந்துபோனது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

நீதிமன்ற வாசலில்

ஒளிநாடாக் கருவி வந்ததும், நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டு விளம்பரம் வரும்போது நாடாவை ஓட்டிவிடலாம் என்றாயிற்று. யுனிவர்சல், டிஸ்னி ஆகிய பட நிறுவனங்கள் 1976-இல் சோனி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரி 17-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: வேறொரு நேரத்தில் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமன்று, அத்தகைய கருவியை விற்பதும் குற்றமன்று. ஒரே ஒரு நீதிபதி மாற்றி எண்ணியிருந்தால் வரலாறு வேறு திசையில் போயிருக்கும்.

பிறகு விளம்பரத்தைத் தானே தாண்டிச் செல்லும் 'ரீப்ளே டிவி' என்னும் பதிவுக் கருவி வந்தது. 2002-இல் டர்னர் ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவர் ஜேமி கெல்னர், இது திருட்டு என்றே சொல்லிவிட்டார். நிகழ்ச்சியைப் பார்ப்பவர் விளம்பரத்தையும் பார்ப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர் என்பது அவர் வாதம். அப்படியானால் இடையில் எழுந்து கழிப்பறைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு, அதற்கு ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம் என்று பதிலளித்தார்! என் மாணவி கேட்ட கேள்வியின் மூலம் இங்கே இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தம் எங்கே எழுதப்பட்டது, யார் கையொப்பமிட்டார் என்று கேட்டால் விடை இல்லை. வழக்குகளின் சுமை தாங்காத அந்தக் கருவியின் நிறுவனம் 2003-இல் நொடித்துப்போயிற்று.

ஜெர்மனியில், விளம்பரம் வந்ததும் நிலையத்தை மாற்றிவிடும் 'ஃபெர்ன்சேஃபே' என்ற கருவியை எதிர்த்து ஆர்.டி.எல். தொலைக்காட்சி வழக்காடியது. பெயரின் பொருள் 'தொலைக்காட்சித் தேவதை'. 2004 ஜூனில் ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் தேவதையின் பக்கமே தீர்ப்பளித்தது.

பக்கம் உயிர்பெற்றது

இனி இணையத்துக்கு வருவோம். 1994 அக்டோபர் 27-ஆம் நாள், 'ஹாட்வயர்டு' என்ற இணைய இதழில் செவ்வக வடிவப் பதாகை விளம்பரங்கள் தோன்றின. அவற்றுள் இன்றும் பேசப்படுவதை வெளியிட்டவர் யார் தெரியுமா? அதே ஏ.டி. அண்டு டி. நிறுவனம்! அதைக் கண்டவர்களில் நூற்றுக்கு 44 பேர் சொடுக்கிப் பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. புதுமை தீர்ந்ததும் சொடுக்குவோர் அருகினர். விளம்பரங்கள் கூச்சலிடத் தொடங்கின. டிரைபாடு என்ற தளத்துக்காக ஈத்தன் சக்கர்மேன் என்பவர் முதன்முதலில் எழுதிய துள்ளுபலகை, அதாவது 'பாப்-அப்', உலகெங்கும் பரவியது. 2014-இல் அவரே அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

1996-லேயே 'இன்டர்நெட் ஃபாஸ்ட் ஃபார்வர்டு' என்ற தடுப்பான் இருந்தது. 2002-இல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் என்ற டென்மார்க் மாணவர், தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் 'ஆட்பிளாக்' என்னும் நிரலை எழுதினார். (இதை நீங்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.) அதன் வழியில் விளாதிமிர் பாலன்ட் 2006-இல் 'ஆட்பிளாக் பிளஸ்' நிரலைக் கொண்டுவந்தார்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? இணையப் பக்கம் நாளிதழ்ப் பக்கத்தைப் போல முழுதாக அச்சாகி வருவதில்லை. முதலில் வருவது ஒரு சமையல் குறிப்பைப் போன்றது: 'இந்தப் படத்தை இங்கிருந்து வாங்கு; அந்த நிரலை அங்கிருந்து வாங்கி ஓட்டு' என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் கணிப்பொறியிலுள்ள பிரவுசர், அதாவது உலாவி, ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கிப் பக்கத்தைச் சமைக்கிறது. விளம்பரங்கள் பெரும்பாலும் வேறு நிறுவனங்களின் கணிப்பொறிகளிலிருந்து வருபவை. தடுப்பானிடம் அந்த முகவரிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. உலாவி ஒவ்வொரு பொருளையும் கேட்கும் முன் தடுப்பான் பட்டியலைப் புரட்டுகிறது. பெயர் இருந்தால், 'இதைக் கேட்காதே' என்கிறது. அவ்வளவுதான். யாருடைய கணிப்பொறிக்குள்ளும் அது நுழைவதில்லை. உங்கள் கணிப்பொறி ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுகிறது.

இதில்தான் பழைய சர்ச்சைக்கும் புதியதற்கும் வேறுபாடு. நாளிதழ் விளம்பரம் உங்களைத் திரும்பிப் பார்க்காது. இணைய விளம்பரம் பார்க்கும்! நீங்கள் யார், முன்பு எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளும். பக்கம் திறக்கும் அந்த நொடியில், பத்தில் ஒரு பங்கு விநாடி அளவுக்குள், உங்கள் கவனம் ஏலத்தில் விற்கப்படுகிறது. அதற்கான நிரல் ஓடுவது உங்கள் கணிப்பொறியில். செலவாவது உங்கள் மின்சாரமும் டேட்டாவும். 2015-இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் 50 செய்தித் தளங்களைக் கைப்பேசியில் சோதித்தபோது, வந்திறங்கிய தரவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தடுப்பான்கள் நிறுத்தக்கூடியவையாக இருந்தன. டேட்டா தீர்ந்துவிடும் என்ற என் மாணவன் மிகைப்படுத்தவில்லை.

ஆபத்தும் உண்டு. 2016 மார்ச்சில் 'நியூயார்க் டைம்ஸ்', பி.பி.சி. போன்ற நம்பகமான தளங்களிலேயே விளம்பர வலைகளின் வழியாகத் தீய நிரல்கள் வாசகர்களை நோக்கி வந்தன. ஆசிரியர் குழு அறியாமல், யாரோ ஏலத்தில் எடுத்த இடத்தில் நிகழ்ந்த விபரீதம் அது. 2022 டிசம்பரில், தேடுபொறி விளம்பரங்களில் மோசடிக்காரர்கள் புகுந்திருப்பதால் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பே மக்களுக்கு யோசனை கூறியது.

மறுபக்கத்தின் கண்ணீர்

அப்படியானால் வழக்கு முடிந்ததா? இல்லை. 2010 மார்ச்சில் 'ஆர்ஸ் டெக்னிக்கா' என்ற அறிவியல் தொழில்நுட்பத் தளம், தடுப்பான் வைத்திருப்போருக்குத் தன் கட்டுரைகளை 12 மணி நேரம் மறைத்துப் பார்த்தது. பலர் கோபித்தார்கள், நிலைமை இப்போதுதான் புரிந்தது என்றும் பலர் சொன்னார்கள். அதன் ஆசிரியர் கென் ஃபிஷர் கேட்டது இதுதான்: உணவகத்துக்கு வருவோரில் நூற்றுக்கு 40 பேர் உண்டுவிட்டுப் பணம் தராமல் எழுந்தால் உணவகம் எப்படி நடக்கும்?

2015 செப்டம்பரில் ஐஃபோனில் தடுப்பான்களுக்கு இடம் கிடைத்தது. மார்க்கோ ஆர்மென்ட் என்பவர் உருவாக்கிய 'பீஸ்' என்னும் தடுப்பான், விலை கொடுத்து வாங்கும் செயலிகளின் வரிசையில் முதலிடம் பிடித்தது. இரண்டே நாளில் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பலருக்கு நன்மை செய்தாலும், தண்டனை பெறத் தகாத சிலரையும் அது நோகச் செய்கிறது. இந்த வெற்றி மகிழ்ச்சி தரவில்லை என்று காரணம் கூறினார். கூச்சலிடும் விளம்பரமும் அடக்கமான விளம்பரமும் ஒரே வலையில் விழுந்ததை அவர் கண்டார்.

நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியாதா? 2011-இல் 'ஆட்பிளாக் பிளஸ்' அதற்கு முயன்றது. தொல்லை தராத விளம்பரங்களை அனுமதிக்கும் திட்டம் அது. ஆனால் பெரிய நிறுவனங்களிடம் அதற்குக் கட்டணம் வாங்கியது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று பத்திரிகை முதலாளிகள் கொதித்தார்கள். ஜெர்மனியின் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் நிறுவனம் நீதிமன்றம் ஏறியது. 2018 ஏப்ரல் 19-இல் கூட்டாட்சி நீதிமன்றம், தடுப்பானும் அதன் கட்டண முறையும் நேர்மையற்ற போட்டி ஆகா என்று தீர்ப்பளித்தது. தடுப்பதா வேண்டாமா என்பது பயனர் முடிவு. அவர்களுக்குக் கதவை அடைப்பது பதிப்பாளர் உரிமை என்றும் சுட்டியது. ஸ்பிரிங்கர் விடவில்லை. பக்கத்தின் நிரலை மாற்றுவது பதிப்புரிமை மீறல் என்று வேறு வழக்குத் தொடுத்தது. 2025 ஜூலை 31-இல் அதே நீதிமன்றம் இக்கேள்வியை மேலும் ஆராயுமாறு ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது.

விளம்பரம் விற்கும் கூகுள் நிறுவனமே 'குரோம்' உலாவியையும் செய்கிறது. 2018-இல் மிகத் தொல்லை தரும் விளம்பரங்களைக் குரோமே வடிகட்டத் தொடங்கியது. 2024, 2025 ஆண்டுகளில் அதன் துணைநிரல் விதிகள் மாறியபோது, ரேமண்டு ஹில் எழுதிய 'யூபிளாக் ஆரிஜின்' என்ற வலிமையான தடுப்பான் குரோமில் இயங்க முடியாமல் போயிற்று. பாதுகாப்புக்காக என்றது நிறுவனம். தன் வருவாய்க்காக என்றனர் விமர்சகர்கள்.

மாணவிக்குச் சொன்ன விடை

ஆற்றல் அழியாது, வடிவம் மாறும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். செலவும் அப்படித்தான். 'இலவசம்' என்று எழுதிய பக்கத்தின் செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. பணமாகவோ, கவனமாகவோ, நம்மைப் பற்றிய தகவலாகவோ யாரோ கொடுக்கிறார்கள். தடுப்பான் அந்தக் கணக்கில் ஒரு வரியை அடிக்கிறது, கணக்கை முடித்துவிடுவதில்லை.

அடுத்த வாரம் மாணவியிடம் சொன்னேன்: "இது திருட்டு இல்லைம்மா. நீ டிக்கெட் வாங்குவதாக யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. நாளிதழைப் புரட்டவும், தொலைக்காட்சியின் வாயை அடைக்கவும் மக்களுக்கு இருந்த உரிமையே இதுவும். உன் கணிப்பொறி எதைச் செய்யலாம் என்று சொல்ல வேண்டியவள் நீதான். ஆனால் திருட்டு இல்லை என்பதாலேயே கடன் தீர்ந்தது என்று ஆகிவிடாது."

ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் தடுப்பான் இருக்கிறது. நாங்கள் அன்றாடம் பயன்படுத்தும், அடக்கமாக விளம்பரம் வெளியிடும் இரு தளங்களுக்கு மட்டும் அதில் விலக்கு அளித்தோம். துறை ஆசிரியர்கள் சேர்ந்து ஓர் இதழுக்கு ஆண்டுச் சந்தாவும் கட்டுகிறோம்.

அவள் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நாம படிக்காத ஊர்ல, நமக்குத் தெரியாத ஒருத்தர் சின்னதா ஒரு தளம் நடத்துறாரே, அவருக்கு யார் சார் சந்தா கட்டுவா?" என்றாள்.

நூறாண்டு வழக்கில் மிச்சமிருக்கும் கேள்வி அதுதான். எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அடுத்த முறை உங்கள் திரையில் ஒரு விளம்பரத்தை மறைக்கும்போது, நீங்களும் ஒரு கணம் அதை எண்ணிப் பாருங்கள்.